கடலோர வீட்டில் பத்தாண்டு சுருட்டுச் சேமிப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென்சென்னையில் கடலுக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு தனி வீடு. உரிமையாளர் சரக்குக் கப்பல்களில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலில் இருந்த காலத்தில் தொற்றிய சுருட்டுப் பழக்கம் ஓய்வுக்குப் பின் வாரம் ஒன்று என்று குறைந்தது. பிடிப்பது குறையக் குறைய வாங்கி வைப்பது கூடியது. வெளிநாட்டிலிருந்து வருபவர் தீர்வை இல்லாமல் 25 சுருட்டு கொண்டுவர விதி இடம் கொடுக்கிறது. நல்ல சுருட்டுப் பெட்டிகள் பலவற்றில் இருப்பதும் 25 தான். மகள் துபாயில் இருந்ததால், போய் வரும்போதெல்லாம் ஒரு பெட்டி கூடவே வந்தது.

2014-இல் இடுப்பு உயர மர ஹியூமிடார் (சுருட்டை ஈரப்பதம் மாறாமல் வைக்கும் அலமாரி) ஒன்றை வாங்கினார். உள்பக்கம் முழுக்க ஸ்பானிஷ் சிடார் பலகை. பெயரில்தான் சிடார். தேவதாருவுக்கும் அதற்கும் உறவில்லை, நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த மரம் அது. ஈரத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடும், மணமும் சுருட்டுக்கு ஒத்துப்போகும் என்பதால் உலகம் முழுக்க இதைத்தான் விரும்புகிறார்கள்.

அவர் எதிர்பார்த்தது முதிர்ச்சி. புதிதாகச் சுற்றிய சுருட்டில் இலையின் நொதித்தல் முழுமையாக நின்றிருக்காது. முதல் சில மாதங்களில் பெட்டியைத் திறந்தால் அம்மோனியா வாடை மூக்கில் ஏறும். அது அடங்கிய பிறகு, ஆண்டுக்கணக்கில் மெல்ல நடக்கும் மாற்றத்தில் காரம் தணிந்து, நாக்கில் ஒட்டும் துவர்ப்பும் குறைகிறது. அதற்கு இலை காயவும் கூடாது, நனையவும் கூடாது. பொதுவாகச் சொல்லப்படும் அளவு 18 முதல் 21 டிகிரி வெப்பம், 65 முதல் 70 சதவீத ஈரப்பதம். (முதிர்ந்த சுருட்டு உடலுக்குக் கேடு குறைந்தது என்று சிலர் நம்புகிறார்கள். அப்படியொன்றும் இல்லை. குறைவது காரம் மட்டும்.)

நான் மருந்துக் கிடங்குகளுக்குக் குளிர்சாதன வசதி அமைத்துக் கொடுப்பவன். சுருட்டு பிடிப்பதில்லை. 2020 செப்டம்பரில் என்னை அழைத்தது கிடங்கு ஆள் என்ற முறையில்தான். கீழே இருப்பது நான் பார்த்ததும், அவர் வைத்திருந்த குறிப்பேட்டில் படித்ததும். கப்பல் எஞ்சின் அறைப் பழக்கம், எல்லாவற்றுக்கும் தேதி போட்டிருந்தார். அந்தக் குறிப்பேடு இல்லையென்றால் இந்த ஆய்வே இல்லை.

2014 முதல் 2020 வரை

ஹியூமிடாருடன் வந்த கையேடு குளிர்நாட்டுக்காரர்களுக்காக எழுதப்பட்டது. அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் கணப்பு எரியும், காற்று உலர்ந்து இலை நொறுங்கும். ஆகவே அதன் அறிவுரை எல்லாமே தண்ணீர் சேர்ப்பது பற்றியது: உட்பலகையை ஈரத்துணியால் துடை, பஞ்சில் காய்ச்சி வடித்த நீரை ஊற்று, வாரம் ஒருமுறை நிரப்பு. அவர் ஒன்றுவிடாமல் செய்தார்.

கடலோரச் சென்னையில் காலை நேரத்து ஈரப்பதம் பல மாதங்களுக்கு 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. இங்கே பெட்டிக்குள் தண்ணீர் ஊற்ற வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது. கதவில் பொருத்தியிருந்த, ஈரப்பதம் காட்டும் முள் காட்டி எப்போதும் 66, 67 என்றே காட்டிக்கொண்டிருந்தது. அதை நம்பி அவர் நிம்மதியாக இருந்தார்.

ஹியூமிடார் இருந்த படிப்பறையில் ஏசி மாலை ஆறிலிருந்து பத்து வரை ஓடும். அந்த நேரத்தில் அறை 24 டிகிரி. மற்ற நேரத்தில், கோடையில், 33-ஐத் தாண்டும். தினமும் ஒருமுறை குளிர்ந்து ஒருமுறை சூடாவது பெட்டிக்கு மூச்சு விடுவது மாதிரி. குளிரும்போது உள்காற்று சுருங்கி வெளிக்காற்றை இழுக்கும், அந்தக் காற்று ஈரமானது. இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். காலிப் பெட்டியில் சூடு ஏறினால் ஈரப்பத விகிதம் இறங்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். மரமும் இலையும் அடைத்த மூடிய பெட்டியில் நேர்மாறாக, சூடு ஏற ஏற அவை ஈரத்தை வெளியே விட்டு விகிதத்தைச் சற்று உயர்த்தும். கிடங்கு வேலையில் புதிதாக வருபவர்கள் எல்லோரும் இதில் ஒருமுறையாவது தடுமாறுவார்கள்.

2017 குறிப்பொன்றில் சில சுருட்டுகளில் வெண்மையான தூள் படிந்திருப்பதை மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். முதிர்ந்த சுருட்டில் எண்ணெய் வெளிவந்து படிகமாகப் பூக்கும், அது உயர்ந்த தரத்தின் அடையாளம் என்று சுருட்டுப் பிரியர்களிடையே ஒரு பேச்சு உண்டு. துடைக்காமல் விட்டுவிட்டார்.

2018-இல் உறையூரிலிருந்து நண்பர் ஒருவர் கைச்சுருட்டுக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று வெள்ளைக்காரர் காலத்தில் கப்பலேறிய சரக்கு, திண்டுக்கல் பக்கத்து இலை. சொந்த ஊர்ப் பெருமையோடு அதையும் கியூபா பெட்டிகளுக்கு நடுவே வைத்தார்.

அப்புறம் அவருடைய தாயார். பூச்சி வந்துவிடக் கூடாது என்று அந்த அலமாரிக்கு அடியில் வசம்பும், அறையின் துணி பீரோவில் அந்துருண்டையும் போட்டு வைப்பார். வசம்பால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. அந்துருண்டை வாடை மட்டும் கீழ்த்தட்டுச் சுருட்டுகளில் ஏறியிருந்தது பிறகுதான் தெரிந்தது.

2020: பூட்டிய வீடு

மார்ச் முதல் வாரத்தில் மூன்று வாரப் பயணமாகக் கணவனும் மனைவியும் துபாய் போனார்கள். தாயாரை மதுரையில் தம்பி வீட்டில் விட்டிருந்தார்கள். போகும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனார்கள். அந்த மாதக் கடைசி வாரத்தில் ஊரடங்கு வந்தது, சர்வதேச விமானங்கள் நின்றன. வீடு திரும்பச் செப்டம்பர் ஆகிவிட்டது. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் ஜன்னல் அடைத்த மேற்குப் பார்த்த அறையில் ஏசி இல்லாமல் அந்தப் பெட்டி இருந்தது.

ஹியூமிடார் கதவைத் திறந்தபோது அதன் கண்ணாடியின் உள்பக்கம் சிறு வண்டுகள் ஊர்ந்தன. எள்ளை விடச் சிறியவை, செம்பழுப்பு நிறம், தலை கீழே மடிந்து கூன் விழுந்தது போலிருக்கும். பல சுருட்டுகளில் குண்டூசி துளைத்தது போன்ற வட்ட ஓட்டைகள். தட்டினால் ஓட்டையிலிருந்து தூள் கொட்டியது.

பார்த்ததும் அளந்ததும்

வண்டு அடையாளம் காண எளியது: புகையிலை வண்டு, அறிவியல் பெயர் லாசியோடெர்மா செரிகோர்னே. சேதம் செய்வது வண்டு அல்ல, புழு. வண்டு வெளியேறிய வழிதான் நாம் பார்க்கும் ஓட்டை. அதாவது ஓட்டை தெரியும்போது உள்ளே வேலை முடிந்துவிட்டது. நிகோட்டின் ஒரு பூச்சிக்கொல்லி என்பதை நினைத்தால் இது புகையிலையைத் தின்று வாழ்வது வியப்புத்தான். அதன் உடலுக்குள் குடியிருக்கும் ஒருவகை ஈஸ்ட், நச்சை முறிக்கவும் சத்துக் கொடுக்கவும் உதவுகிறது. ஏறத்தாழ 20 டிகிரிக்குக் கீழே இதன் வளர்ச்சி நின்றுபோகும். 30 டிகிரியை ஒட்டிய சூட்டில், நல்ல ஈரத்தில், முட்டை ஒரு மாதத்துக்குள் வண்டாகிவிடும். ஒரு பெண் வண்டு நூறு முட்டை வரை இடும். ஆறு மாதம் பூட்டிய வீட்டில் எத்தனை தலைமுறை என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வண்டு எங்கிருந்து வந்தது? சந்தேகம் மூன்று இடங்களில். ஒன்று, உறையூர்க் கட்டு. இரண்டு, உதிரியாக வாங்கிய சில டொமினிக்கன் குடியரசுச் சுருட்டுகள். மூன்றாவதை வீட்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை. இதே வண்டு மல்லி, மஞ்சள், மிளகாய்த்தூள், சுக்கு எல்லாவற்றிலும் வாழும். சமையலறையில் ஆறு மாதமாகக் கிடந்த மல்லி டப்பாவைத் திறந்து பார்த்தோம், அதிலும் அதே வண்டு. அது அங்கிருந்து இங்கே பறந்ததா, இங்கிருந்து அங்கே போனதா என்று தீர்மானிக்க வழியில்லை. வெளியூர்ச் சரக்கைச் சந்தேகிக்கும் வேகத்தில் அஞ்சறைப் பெட்டியை யாரும் பார்ப்பதில்லை என்பதற்காக இதைப் பதிவு செய்கிறேன்.

அடுத்து அந்த முள் காட்டி. சோதனை மிக எளிது. ஒரு சிறு மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறு போலக் குழைத்து, காட்டியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஒரு நாள் வைக்க வேண்டும். உப்பு கரைந்து ஓடக் கூடாது. உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும், அது இயற்கை விதி. இந்தக் காட்டி 67 காட்டியது. எட்டுக் குறைவு. ஆறு ஆண்டுகளாக 66 என்று நினைத்த இடம் உண்மையில் 74.

வெண்தூளை உருப்பெருக்கியில் பார்த்தோம். படிகம் எதுவும் இல்லை. இழை இழையாக, சின்ன வட்டங்களாகப் படர்ந்திருந்தது. விரலால் தேய்த்த இடத்தில் கறை தங்கியது. பூஞ்சை. முதிர்ச்சியின் பூப்பு என்று காட்டப்படுபவை பெரும்பாலும் இதுதான் என்பது என் கருத்து. 74 சதவீதத்தில் ஆண்டுக்கணக்கில் இருந்த இலையில் வேறென்ன வரும்?

முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, எதையும் அன்றே தூக்கி எறிவதில்லை. எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாகத் தனித்தனிப் பையில் கட்டிப் பிரிப்பது. ஓட்டை உள்ளவை ஒரு பக்கம், பற்ற வைக்கும் முனையில் பூஞ்சை உள்ளவை ஒரு பக்கம், வெளியே சுத்தமாகத் தெரிபவை ஒரு பக்கம். ஓட்டை விழுந்தவையும், முனையில் பூஞ்சை ஏறியவையும் குப்பைக்குப் போயின. முனையில் தெரிவது உள்ளேயும் இருக்கும், அதைப் பற்ற வைத்து இழுப்பது புத்தியல்ல. மேலிலையில் மட்டும் லேசாகப் படிந்தவற்றைத் துடைத்து வைத்துக்கொள்ள அவர் விரும்பினார். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனால் சுருட்டு அவருடையது. மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போனது.

இரண்டாவது, மருந்து அடிக்க வேண்டாம். கிடங்குகளில் புகைமூட்டம் போடுவது வழக்கம்தான், ஆனால் அது உரிமம் உள்ளவர்கள் செய்ய வேண்டிய, உயிருக்கு ஆபத்தான வேலை. வீட்டில் அதற்கு இடமில்லை. பிறகு வாயில் வைக்கப்போகும் பொருளுக்கு அருகே எந்தத் தெளிப்பானும் வரக் கூடாது. மைக்ரோவேவ் யோசனை ஒன்றும் வந்தது. இலை வெந்துபோகும் என்று தள்ளிவிட்டோம்.

மிஞ்சியது குளிர். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தவை உட்பட எல்லாவற்றையும் உறைய வைப்பது என்று முடிவானது. முட்டை கண்ணுக்குத் தெரியாது என்பதால் பாதியை மட்டும் உறைய வைப்பதில் பொருளில்லை. தொழிற்சாலைகளிலேயே இன்று பலர் ஏற்றுமதிக்கு முன் இப்படிச் செய்கிறார்கள்.

இங்கே ஒரு வீட்டுச் சிக்கல். ஃப்ரீசரில் வஞ்சிரம் இருந்தது. "தம்பி, மீன் வாடை சுருட்டுல ஏறினா பரவாயில்ல, சுருட்டு வாடை என் மீன்ல ஏறினா நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றார் அவர் மனைவி. நியாயம்தான். இரண்டுமே ஏறும். ஐஸ்கிரீம் கடைகளில் வைக்கும் சிறிய டீப் ஃப்ரீசர் ஒன்று பழையதாக வாங்கினோம். இதனால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர் பனி படியாமல் இருக்க அவ்வப்போது தானாகவே சூடேற்றிக்கொள்ளும், வெப்பம் ஏறி இறங்கும். டீப் ஃப்ரீசர் அப்படிச் செய்யாது.

முறை இதுதான். காற்றை அழுத்தி எடுத்த இரட்டைப் பைக்குள் சுருட்டு, கூடவே அதன் மரப்பெட்டியும். முதலில் சாதாரண ஃப்ரிட்ஜில் ஒரு நாள். பிறகு மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம். மூன்று நாள் போதும் என்று சொல்பவர்கள் உண்டு, ஆனால் அது சுருட்டின் நடுப்பகுதி அந்தக் குளிரை எட்டிய பிறகு எண்ண வேண்டிய மூன்று நாள். 25 சுருட்டு நெருக்கி அடுக்கிய பெட்டியின் நடுவில் குளிர் போய்ச்சேர நேரமாகும். பிறகு மறுபடி ஃப்ரிட்ஜில் ஒரு நாள், கடைசியாக வெளியே. அறைச் சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்கவே கூடாது. நம் ஊர்க் காற்று குளிர்ந்த இலையைத் தொட்டால் அந்த இடத்திலேயே நீர்த்துளியாகப் படிந்துவிடும். படிப்படியாகப் போவதன் காரணம் மேலிலை வெடிக்காமல் இருப்பது. அவசரப்பட்ட ஒரே ஒரு பெட்டியில் நாலைந்து சுருட்டு நீளவாக்கில் பிளந்தன.

ஃப்ரீசர் சிறியது என்பதால் பகுதி பகுதியாகச் செய்து முடிக்க அக்டோபர் கடைசி ஆனது. அதற்குள் மர ஹியூமிடாரின் மூலை முடுக்கெல்லாம் வேக்குவம் போட்டு, வெறுமையாகத் திறந்து வைத்தோம். சமையலறை மசாலா டப்பாக்கள் எல்லாம் காலி செய்யப்பட்டன.

மூன்றாவது முடிவுதான் அதிக விவாதத்துக்கு உள்ளானது: இனி எங்கே வைப்பது? ஒயின் ஃப்ரிட்ஜ் வாங்கி அதையே ஹியூமிடாராக்கலாம் என்பது அவர் எண்ணம். பலர் செய்வதுதான். என் தயக்கம் இது. மே, ஜூன் மாதங்களில் இங்குள்ள காற்றை ஏறத்தாழ 25 டிகிரிக்குக் குளிர்வித்தாலே அதிலுள்ள ஈரம் நீராகத் துளிர்க்கத் தொடங்கும். 18 டிகிரி ஃப்ரிட்ஜின் கதவை அந்த மாதத்தில் திறந்தால் உள்ளே போவது ஏறத்தாழ மழை. மறுபக்கம், கம்ப்ரஸர் ஓடும்போது குளிர்ச்சுருள் ஈரத்தை இழுத்து உலர்த்தும். இரண்டுக்கும் நடுவே சுருட்டு நாள் முழுக்க வீங்கிச் சுருங்கும்.

ஆகவே வெப்பத்தையும் ஈரத்தையும் தனித்தனியாகப் பிரித்தோம். ஃப்ரிட்ஜின் வேலை வெப்பம் மட்டும், 20 டிகிரி. ஈரத்தைப் பார்த்துக்கொள்வது உள்ளே வைக்கும், ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மரப்பெட்டிச் சுருட்டு, 65 சதவீத இருவழி ஈரப்பதப் பொட்டலம் ஒன்று, சோதித்த சிறிய டிஜிட்டல் காட்டி ஒன்று. பொட்டலத்துக்குள் இருப்பது செறிந்த உப்புக் கரைசல். உப்புச் சோதனையின் அதே தத்துவம். குறைந்தால் கொடுக்கும், கூடினால் வாங்கும். பஞ்சுக்குக் கொடுக்க மட்டும்தான் தெரியும். கம்ப்ரஸர் இல்லாத, மின்தகட்டில் குளிரும் மலிவான ஒயின் ஃப்ரிட்ஜ் வேண்டாம் என்று சொன்னேன். அறைச் சூட்டிலிருந்து ஓரளவுக்குத்தான் அது இறக்கும், நம் கோடைக்குத் தாங்காது.

70 வேண்டாம், 65 என்றதற்கும் காரணம் உண்டு. பூஞ்சையிலிருந்து விலகி நிற்க அந்த ஐந்து சதவீதம் உதவும். முதிர்ச்சி சற்று மெதுவாகலாம் என்றார். அவசரம் யாருக்கு?

பிறகு நடந்தது

உறைய வைத்தவற்றில் அதன் பிறகு வண்டு தெரியவில்லை. 2021 கோடையில் வாரம் ஒருமுறை எல்லாப் பெட்டியையும் திறந்து பார்த்தார். அந்த ஆண்டு முழுக்க அம்மோனியாவும் காடியும் கலந்த வாடை சில பெட்டிகளில் போகவே இல்லை. திறந்து பார்ப்பதை நிறுத்தச் சொன்னேன். ஊறுகாய் ஜாடியை நாளுக்கு நாலு தரம் திறப்பவர் வீட்டில் ஊறுகாய் எப்படி இருக்கும் என்று அவர் மனைவியே சேர்த்துச் சொன்னார். அது வேலை செய்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். அந்தத் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. ஃப்ரிட்ஜ் 26 டிகிரி வரை ஏறியது. பிளாஸ்டிக் பெட்டிகளுக்குள் ஈரப்பதம் 64-க்கும் 67-க்கும் நடுவிலேயே இருந்தது, பூஞ்சையும் இல்லை. அமைப்பு நல்லது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. அது டிசம்பர். மே மாதத்தில் மூன்று நாள் மின்சாரம் போனால் கதை வேறு. ஆனால் முட்டைகளை முதலிலேயே கொன்றாயிற்று என்பதால் வெப்பம் இப்போது இரண்டாவது கவலைதான்.

சுவை பற்றி அவர் சொன்னதை மட்டும் தருகிறேன். கியூபா பெட்டிகளின் அடியில் மாதமும் ஆண்டும் முத்திரை இட்டிருக்கும். 2014 முத்திரையிட்ட காரமான வகை ஒன்றை 2024-இல் எடுத்தார். தொண்டையில் அறையும் குணம் போய், இலையின் இனிப்பு முன்னால் வந்திருந்ததாம். 2014-இலேயே வாங்கிய மிதமான டொமினிக்கன் வகை சப்பென்று ஆகிவிட்டது. நாலைந்து ஆண்டிலேயே தீர்த்திருக்க வேண்டியது என்றார். தொடக்கத்தில் வலு இருப்பதுதான் தாங்கும், மென்மையானது காத்திருந்தால் மங்கும். எல்லாச் சுருட்டும் வைத்தால் நல்லதாகும் என்ற நம்பிக்கையில் அவர் வாங்கிக் குவித்ததில் பாதி வீண். உறைய வைப்பதற்கு முன்னும் பின்னும் சுவையில் வேறுபாடு சொல்ல அவரால் முடியவில்லை. 65-இல் வைத்தவை முன்பை விடச் சீராக எரிந்தன, நடுவில் அணையவில்லை. அந்துருண்டை வாடை ஏறிய கீழ்த்தட்டுச் சுருட்டுகள் நாலு ஆண்டு கழித்தும் தேறவில்லை.

உறையூர்க் கட்டில் வண்டுக்குத் தப்பியவை பத்துப் பன்னிரண்டு. அவற்றையும் 65-இல் வைத்தபோது இழுக்கக் கஷ்டமாக இருந்தது. காகிதத்தில் சுற்றி வெளியே வைத்ததும் சரியாகிவிட்டது. இந்த ஊர்க் காற்றிலேயே சுற்றப்பட்டு, இந்த ஊர்க் காற்றிலேயே விற்கப்படுவது. அதற்கு ஹியூமிடார் கேட்கவில்லை.

மாற்ற வேண்டியவை

மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் செலவின் வரிசையே மாறும். 2014-இல் அவர் அழகான மரப்பெட்டிக்குக் கொடுத்த பணத்தில் சிறு பங்கு போதும், இரண்டு டிஜிட்டல் காட்டியும் டீப் ஃப்ரீசரும் வாங்கலாம். காட்டி ஒன்று மட்டும் இருந்தால் அது பொய் சொல்வது தெரியாது. உப்புச் சோதனை வாங்கிய அன்றும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும்.

வீட்டுக்குள் வரும் எந்தச் சுருட்டும், யார் கொடுத்தாலும், எங்கே வாங்கினாலும், முதலில் ஃப்ரீசருக்குப் போக வேண்டும். 2018 கட்டும் உதிரி டொமினிக்கனும் அப்படிப் போயிருந்தால் சந்தேகப் பட்டியலில் மல்லி டப்பா மட்டும்தான் இருந்திருக்கும். அதோடு மசாலாச் சாமான்கள் வெளியூர் போகும்போது ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும்.

மெயின் சுவிட்சை அணைக்கும் பழக்கத்தையும் மாற்றினார்கள். இப்போது ஒயின் ஃப்ரிட்ஜுக்குத் தனி இணைப்பு இருக்கிறது. பக்கத்து வீட்டில் சாவி, உள்ளே வைஃபை வழியே கைபேசிக்கு வெப்பநிலை அனுப்பும் சிறு கருவி. 28 டிகிரியைத் தாண்டினால் அவருக்கு எச்சரிக்கை வரும்.

மர ஹியூமிடாரை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. விற்றுவிடலாம் என்கிறேன் நான். அடுத்த ஒரு மாதத்துக்குள் பிடிக்கப்போகும் நாலைந்தை மட்டும் அதில் வைத்திருக்கிறார், தண்ணீர் ஊற்றாமல்.